இரண்டாம் இடத்தில் இரண்டு

ஆறு பேருக்கு ஆறு அட்டை கொடுத்து
சிறிதிலிருந்து பெரிதுக்கு
வராந்தாவில் வரிசையாக நில்லுங்கள் என்றேன்.

0.6 வைத்திருந்த பவுலை
எல்லாரும் சேர்ந்து முதலில் தள்ளினார்கள்.
0.125 வைத்திருந்த சுடலைக்கண்ணு
யாரையும் கேட்காமல் கடைசிக்குப் போய்
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.
‘நூத்தி இருவத்தஞ்சுல்லா டீச்சர்!’
வால் நீண்டது பெரிசு.
ஐந்தாம் வகுப்பின் சட்டம் அது.

பத்துக் கட்டம் வரைந்தேன். நூறு கட்டம் வரைந்தேன்.
சேலையெல்லாம் சாக்பீஸ்.
0.6க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டுக் காட்டினேன்.
செய்யதலி பாத்திமா எழுந்தாள்:
‘ஒண்ணுமில்லாததச் சேத்தா
எப்படி டீச்சர் பெரிசாவும்?’
பெரிசாகாது, அப்படியேதான் இருக்கும்.
‘அப்ப எதுக்குப் போடுதிய?’

பதில் தெரியும்.
வாய்க்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.
முக்கூடலிலிருந்து வீடு வரைக்கும்
பஸ் ஜன்னலில் அந்தப் பூஜ்யம் கூடவே வந்தது.

மறுநாள் வருகைப்பதிவேடு வாசிக்கையில்
நாக்கு நின்றது.
ஏழெழுத்துச் சுடலைக்கண்ணு முன்னால்,
மூன்றெழுத்துப் பவுல் பின்னால்.
ஏன் என்று கேட்டேன்.
‘ச-வுக்குப் பொறவுதான ப வரும்!’
பெயர் எத்தனை நீளம் என்று பார்த்தோமா?
இல்லை.
முதல் எழுத்தில் தீராவிட்டால்தான் இரண்டாம் எழுத்து.
புள்ளிக்குப் பிறகும் அதே வழக்குதான்.
சுடலைக்கண்ணுக்கு மட்டும் முகம் சுருங்கியது:
‘அப்ப இம்புட்டு நீளம் வச்சது வீணா டீச்சர்?’

மறுபடி அட்டை. மறுபடி வராந்தா.
0.09, 0.125, 0.4, 0.48,
0.58,
பவுல் கடைசியில் நின்று சிரித்தான்.
அவனுக்கு முந்தி நின்ற முப்பிடாதி
அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

‘0.58-ஐ விட 0.6 பெரிசா டீச்சர்?’
ஆமாம்.
‘தராசுலயும்?’
தராசிலும்.
‘போன செவ்வாக்கிழமையும்?’

0.58 நான் குருட்டாம்போக்கில் எழுதியது.
அவளுக்கு அது
அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நாளில்
முதன்முதலாக அவளே போய் வாங்கிவந்த பீடி இலை.
பாஸ் புத்தகத்தில் பேனாவால்: ஆயிரத்துக்கு 0.6.
தராசில் சிவப்பாக: 0.58.
கூடுதலாப் போட்டிருக்காவம்மா என்று
ஓடிவந்து சொல்லியிருக்கிறாள்.
அம்மாவும் நம்பிச் சுற்றியிருக்கிறாள்.
முப்பத்துமூன்று பீடி குறைந்ததற்கு
இலையை வீணாக்கிட்டே என்று
அடி வாங்கியதை
கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

தசமத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டது நான்.
விளையாட்டு விழா, ஒத்திகை, என்னவெல்லாமோ.
பாடக்குறிப்பேட்டில் அதற்குக் காரணம் எழுதக் கட்டம் உண்டு;
எடை எழுதக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளே போனாளாம்.
‘இன்னும் ரெண்டு வேணும் அண்ணாச்சி.’
அவர் சிரித்துக்கொண்டு
இரண்டு இலையை எடுத்துப் போட்டாராம்.
எண் அசையவில்லை. இவளும் அசையவில்லை.
‘ரெண்டு எலை இல்ல.
புள்ளிக்குப் பின்னால, ரெண்டாவது எடத்துல, ரெண்டு.’
பின்னால் நின்ற பொம்பிளைகள்
தங்கள் பாஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்களாம்.
அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை
பிரார்த்தனை முடியுமுன்னே
வரிசையை விட்டு ஓடிவந்தாள்.
கொடுத்தாரா என்று கேட்டேன்.
அவளுக்கு அதைவிடப் பெரிய சேதி இருந்தது.

‘டீச்சர், அந்தப் பூஜ்யம்!
நீங்க சும்மா போட்டியள்லா,
தராசும் போடுது டீச்சர்.
0.60!’

பாத்திமாவைத் தேடினேன்.
அவளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.