ஒரே ஈற்றில் மூன்று

ஞாயிறு காலை பத்தரைக்கு
பெல்லந்தூர் அடுக்ககம் ஒன்றின்
மூன்று வாசல்களிலிருந்து
ஹரலூர் சாலையில் உள்ள என் கடைக்கு
மூன்று நாய்கள் வருகின்றன.
லாப்ரடார் தாய். பூடில் தகப்பன்.
விற்றவன் மூன்று வீட்டிலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறான்:
முடி கொட்டாது, மேடம்.

கொட்டாதுதான்.
உதிர்ந்தது தரைக்கு வராது, அவ்வளவே.
பக்கத்து முடியைப் பிடித்துக்கொண்டு
அங்கேயே இருக்கும்,
பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்ட
குடித்தனக்காரனைப் போல.

பிஸ்தாவுக்கு அந்த வாக்கியமே பொருந்தாது.
அவள் தாயைக் கொண்டு பிறந்தவள்.
நேர்முடி; தாடையில் மட்டும்
தகப்பன் பேருக்கு நாலு மயிர் சிலிர்த்து நிற்கும்.
வாரத்துக்கு ஒருமுறை வாரினால் போதும்.
ஆனால் கொட்டுவாள்.
ஏமாற்றிவிட்டான் ரெஜினா, என்று
கறுப்பு டிராக் பேண்ட் முழுக்க வெள்ளை இழைகளோடு
ஸ்வாதி ஹெக்டே சொல்லும்போதெல்லாம்
நான் பசை ரோலரை நீட்டுகிறேன்.

கேசரிக்கு அலை.
விரல் விட்டால் வழி விடும்,
எடுத்தால் மூடிக்கொள்ளும்.
எட்டாம் மாதத்தில் குட்டிமுடி போக மறுக்க
பெரியமுடி வந்தே தீருவேன் என்றது.
இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல் வாருங்கள் என்றேன்.
எழுதிக்கொண்டவர் குரியன் சார் ஒருவர்தான்.
வகிடெடுத்து, தோல் தெரியத் தெரிய
வயிறு வரைக்கும் வாரிக் கொண்டுவருகிறார்.
அவர் தலையில் வாருவதற்கு ஒன்றும் இல்லை.

போண்டாவுக்குக் கம்பளி.
சுருளுக்குள் சுருள்.
தூரத்தில் பார்த்தால்
மூவரில் இவன்தான் அழகு.

தினமும் வாருகிறேன் என்கிறார் நிலஞ்சன்.
பொய்யில்லை.
பிரஷ் மேலே போய்த்தான் வந்திருக்கிறது,
மேம்பாலத்தில் போனவன்
சில்க் போர்டைப் பார்த்தேன் என்பதைப் போல.
நான் எஃகுச் சீப்பை எடுக்கிறேன்.
காதுக்குப் பின்னால் நிற்கிறது.
அக்குளில் நிற்கிறது.
ஹார்னஸ் உரசும் மார்பில்
ஒரு பல்கூட இறங்கவில்லை.

போனில் படம் காட்டுகிறார்: டெடி பேர் கட்.
அந்த நாயை யாரோ நாள்தோறும்
அரை மணி நேரம் மடியில் வைத்திருக்கிறார்கள்.
அதைச் சொல்லவில்லை.
பத்தாம் நம்பர் பிளேடு, என்றேன்.

பிரிக்க முடியாதா?

பிரிக்கலாம். நாலு மணி நேரம் ஆகும்.
வலி அவனுக்கு, கூலி எனக்கு.

அடியில் விரலை நுழைத்துத் தடிமன் பார்த்தேன்.
குளிப்பாட்டி ஈரத்தோடு விட்ட சிக்கு
காயக் காய இறுகும்.
ஜூலையிலிருந்து இருக்கும், என்றேன்.

ஜூலையில்தான் அவள்,
என்று தொடங்கியவர்
ஷாம்பு அலமாரியின் விலைகளைப் படிக்க ஆரம்பித்தார்.
நான் மெஷினை ஓடவிட்டேன்.

ஒரே துண்டாகக் கழன்று வந்தது,
யாரோ அவிழ்த்துப் போட்ட ஸ்வெட்டராக.
உள்ளே ரோஜா நிறத் தோல்.
அதில் ஒரு புல்விதை குத்தி நின்றது.
இடுக்கியால் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
ரொம்ப நேரம் கீழே போடாமல் வைத்திருந்தார்.

போண்டா மேசையிலிருந்து இறங்கி
காதை ஒருமுறை உதறினான்.
எடை இல்லாதது வியப்பாக இருந்ததோ என்னவோ,
இன்னொரு முறை உதறினான்.
கேசரி யாரோ என்று குரைத்தாள்.
பிஸ்தா பின்பக்கம் முகர்ந்து சான்றளித்தாள்.

வளருமா?
வளரும். சீப்பு முந்நூற்றைம்பது ரூபாய்.
இரண்டு வாங்கினார்; ஏன் என்று கேட்கவில்லை.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று
தலையில் கட்டிய துணியை அவிழ்த்தேன்.
எனக்கும் சுருள்முடிதான்.
ஹெல்மெட் போடுமுன்
விரலை விட்டுப் பார்க்கிறேன்.
பிடரியில் நிற்கிறது.