வெற்றிலை வைத்து அழைத்தல்

தை இரண்டாம் ஞாயிறு.
கெடிலத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.
வெங்காயச் சாக்கைக் கத்தரித்துத் தைத்த
பத்துப் பைகளை நெல்லிக்குப்பம் பக்கம் ஆற்றில் விட்டோம்.
பைக்கு ஐந்து வெற்றிலை.
மிதக்கத் தெர்மாகோல்.
ஓடிப்போகாமலிருக்க நைலான் கயிறு, அரைச் செங்கல்.

"கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரி
நோய்க்கும் வெத்தல வைக்கிறீங்களாக்கும்"
துணி அலசிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி கேட்டாள்.
ஆமாம், பாக்குதான் இல்லை.

விருந்தாளிக்குக் கண்ணில் படுகிற உடம்பில்லை.
இரண்டு வால், நீந்தி வரும்.
காளான் மாதிரி, ஆனால் காளானில்லை என்று
ஆய்வு மாணவி ஆபிதா மூன்று முறை சொன்னாள்.
மூன்று முறையும் தலையாட்டினோம்
சர்க்கரை ஆலையில் எடைமேடை பார்த்த இன்பசாகரன்,
செல்போன் கடை வைத்திருக்கும் நான்,
கொடிக்கால்காரர் கொளஞ்சி.

எந்த மடுவில் மணல் அள்ளினார்கள்,
எந்த வாய்க்கால் எங்கே சுற்றிச் சேரும்
எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.
ஏழாம் பையைத் தன் கொடிக்கால் வடிகால்
ஆற்றில் விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே கட்டினார்.
"நம்மளதும் இருக்கட்டும்."

நான்காம் நாள் எடுத்தோம்.
ஒன்று, சுத்தம்.
இரண்டில் நத்தை தின்ற ஓட்டை, அது கணக்கில் வராது.
மூன்றாவதை யாரோ மீன் என்று நினைத்து
அவிழ்த்து, ஏமாந்து,
நம்முடையதைவிட நல்ல முடிச்சாகப் போட்டிருந்தார்கள்.
நான்கு, ஐந்து, ஆறு, சுத்தம்.

ஏழு.
வெந்நீர் பட்டதுபோல் வட்டம்,
வட்டத்துக்குள் வட்டம்,
நடுவில் தேநீர்க் கறை.
ஐந்து இலையிலும்.

"வெயில்ல வெந்திருக்கும்" என்றார் இன்பசாகரன்
யாரும் கேட்காமலே.
ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி என்றாள் ஆபிதா
இலைகளைப் பார்த்தபடியே.
என் பேனா படிவத்தின் மேல் நின்றது.
கொளஞ்சி அதை வாங்கிக்கொண்டார்.
பை ஏழு. இலை ஐந்து. புள்ளி ஐந்து.
இடம் என்ற கட்டத்தில்
ஆற்றோரம் என்று எழுதியிருக்கலாம்.
தன் பெயரை எழுதினார், இனிஷியலோடு.

பிறகு கரையேறிப் போனார்.
அகத்தி நிழலில் கொடிகள் பச்சையாகத்தான் நின்றன.
ஒன்றின் அடியில் மண்ணை விலக்கி
விரலால் அழுத்தினார், விரலை முகர்ந்தார்.
எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

எப்போதும் உள்ளே போகும்போது
பிளீச்சிங் பவுடர் வாளியில் செருப்பை நனைப்பவர்
இன்று வெளியே வரும்போது நனைத்தார்.
குதிகால், அடிப்பக்கம்,
வார் செருகிய துளை வரை.

கீழே இன்னும் மூன்று பைகள்.
எட்டாவதை அவிழ்க்க
அவர்தான் முதலில் இறங்கினார்.
அக்கரையில் யாரோ
மோட்டாரைப் போட்டார்கள்.