கேட்டது

குடும்பிமலைக்கு இப்பால்
வீரை மரத்தில் கட்டிய கமெரா
பதினேழு நாளில் முந்நூற்றுப் பத்துப் படம்:
கிரானிலிருந்து வந்த பட்டி மாடுகள்,
ஒரு யானையின் வயிறு,
உடும்பு, மறுகா மாடு,
பற்றரி மாற்றக் குனிந்த என் வழுக்கை.

சுண்டங்கோழி இல்லை.

விடிய ஐந்தே முக்காலுக்குக் கூப்பிடும்.
மும்மூன்று சீழ்க்கையாய்;
ஒவ்வொரு மூன்றும்
முன்னதைவிட ஒரு படி மேலே.
உச்சியில் சட்டென்று நிற்கும்.
இறங்கி வந்ததை எவரும் கேட்டதில்லை.

பறக்காது, ஓடும் என்கிறார்
பட்டிக்காரக் கதிராமத்தம்பி.
அவர் கண்டதெல்லாம்
யாரோ வைத்த கண்ணியில் மிஞ்சிய
சிவந்த கால் ஒன்று,
இரண்டு முள்ளோடு.
அதை ஏன் புதைத்தார் என்று
நான் கேட்கவில்லை.

திணைக்களப் படிவத்தில் 'கண்டது' என்றொரு கட்டம்.
'கேட்டது' என்று இல்லை.
பேனையால் ஒன்று கீறினேன், கோணலாக.
அதற்குள் எழுத
எண்ணிக்கை தெரியவில்லை:
இரண்டு குரலா,
ஒரு குரலும் மலையுமா?

திரும்பும்போது
ஈரச் சருகில்
நேற்றைய என் சப்பாத்துத் தடம்.
குதிகால் அழுந்திய பள்ளத்தை
ஒரு கால் கிளறி
கறையான் பொறுக்கியிருக்கிறது.

கிளறிய மண்
இன்னும் காயவில்லை.