பதினேழாவது மடக்கு

டிரெஸ்டன். நவம்பர் மழை.
நிலவறை ஆய்வுக்கூடத்தின் ஓக் கதவு
ஈரம் குடித்துப் பருத்து
நிலைச்சட்டத்தைக் கவ்விக்கொண்டது.
தோளால் இடித்துத் திறந்து வருகிறாள் ஹங்கா.

கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிட்டிகை நீலத்தூள்.
செம்பை முடிச்சாக்கி
கரிமக் கழிகளைக் குறுக்கும் நெடுக்கும் கொடுத்து
அவளே கட்டிய கூடு.
நிறுத்தால் ஒரு தபால்தலை கனம்.
உட்சுவர்களைப் பிரித்து விரித்தாலோ
மேலே மழை வாங்கும் கூரை முழுவதையும் மூடும்.

வால்வைத் திறக்கிறாள்.
சிகரெட் லைட்டரில் இருக்குமே, அதே பியூட்டேன்,
ஒரு மடக்கு.
அழுத்தமானியில் எண் ஏறுகிறது,
தூள் குடிக்கக் குடிக்க இறங்குகிறது.
இன்னொரு மடக்கு. ஏறி, இறங்கி.
நோட்டில் பென்சிலால் மூன்று, நான்கு,
கை மரத்துப்போய்ப் பதினாறு.

பதினேழில்
ஏறிய எண் இறங்கவில்லை.
மேலும் ஏறியது.

ஓட்டை என்றாள், பவுட்சனில் பழகிய ஒரு வசவையும் சேர்த்து.
வெற்றிடக் குழாயில் எங்கோ மயிரளவு கீறல்,
வெளிக்காற்று நுழைகிறது.
திருகுகள் அத்தனையும் முடுக்கினாள்.
மறுநாள் இரவு, பதினேழு.
அதற்கடுத்த இரவு, பதினேழு.

ஓட்டைக்கு எண்ணத் தெரியாது.

எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தாள்.
கழி ஒன்றும் முறிந்திருக்கவில்லை,
வளைந்திருந்தன.
கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு,
வாங்கியவை உள்ளிருந்தே சுவர்களைப் பிடித்திழுக்க
பொறுத்துப் பொறுத்து
ஒரு நொடியில் ஒடுங்கி
விழுங்கியதில் ஒரு பங்கை
வெளியே தள்ளியிருக்கிறது.
இன்னும் வேண்டும் என்று
அவள் ஊற்றிக்கொண்டிருந்த அதே வேளையில்.

இழைப்புளியோடு வாசலில் ஓட்மார்,
இரவுக் காவலர்:
"சீவிவிடவா இந்தக் கதவை?"
"வேண்டாம். பிப்ரவரியில் தானே இளைக்கும்."
"ஆறு வருஷமாக நவம்பரில் சீவுகிறேன்,
பிப்ரவரியில் சந்தில் கம்பளி அடைக்கிறேன்,"
என்று சிரித்தபடி
இழைப்புளியைக் கோட்டுக்குள் செருகினார்.

ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை.
இருபத்துமூன்றில் கூடு மறுபடி விரிந்து
விட்டதையும் சேர்த்துக் குடித்தது.

பேராசிரியருக்கு எழுதும் தாளில்
'மூச்சு' என்று எழுதி அடித்தாள்.
'கட்டமைப்பு மாற்றம்' என்று எழுதி
அதையும் அடித்தாள்.
கடைசி டிராம் போய்விட்டது.
தாளில் பதினேழு என்ற எண் மட்டும்.
அதன் மேல் ஒரு சொட்டு,
அவள் தலைமுடியிலிருந்து.
தாள் அந்த இடத்தில்
மெல்ல மேடுதட்டத் தொடங்கியது.