இல்லாத லாரி

விடிகாலை மூன்று மணிக்கு
புர்-முராவில் மாடுகள்கூட எழுந்திருக்காது.
இருபது லிட்டர் கேன் பதினெட்டு,
கேஸ் சிலிண்டர் இரண்டு,
‘உலர்ந்த உணவு’ என்று சீட்டு ஒட்டிய பெட்டி ஒன்று
(பாதிக்கு மேல் சந்தைத் தக்காளி),
எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டுகிறேன்.

இங்கிருந்து செவ்வாய்க் கிரகம்
இருபத்திரண்டு கிலோமீட்டர்.
கடைசிப் பகுதிக்குத் தார் கிடையாது.

பிளேன் தே சாப்ல்.
எரிமலை துப்பிவிட்டு மறந்துபோன இடம்.
கருப்பும் துருவும் கலந்த சரளை,
நடுவில் கவிழ்த்த முட்டை ஓடு மாதிரி
ஒரு வெள்ளைக் கூடாரம்.
உள்ளே ஆறு பேர்
நூற்றிருபது நாளாகப்
பூமியில் இல்லாமல் இருந்து பழகுகிறார்கள்.

எனக்குச் சொன்னது கொஞ்சம்தான்.
விளக்கை அணைத்து வா.
பின்பக்கத் தொட்டியில் நிரப்பு.
இருமாதே.
போகும்போது தடத்தை அழித்துவிடு,
செவ்வாயில் லாரி கிடையாது.

அதனால்
வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாற்றால்
பின்னோக்கி நடந்து நடந்து
என்னையே பெருக்கித் தள்ளுகிறேன்.
ஆகஸ்டுக் குளிரில் கேன் வாயில் பனி உறையும்.
மேலே நிஜச் செவ்வாய்,
அணையப்போகும் பீடி நுனி.

நாற்பத்தோராம் நாள்
ஒரே ஒரு தடம் தப்பிவிட்டது.
வேண்டுமென்றே விட்டேனா, தூக்கமா, தெரியாது.
இடது கால், பண்ணை பூட்ஸ், அளவு முப்பத்தெட்டு.
மறுநாள் அலுவலகத்தில் எரிக்
அவர்கள் அனுப்பிய அறிக்கையை வாசித்தான்:
காற்று மிதம்.
தூசி குறைவு.
உயிர் இருப்பதற்கான அடையாளம் ஏதுமில்லை.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
மலையிறங்கும் வளைவில்
சிரிப்பு எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

என் குடும்பப் பெயர் வெலாயுதோம்.
வேலாயுதம் என்று ஒருவர் சொன்னது
துறைமுகக் குமாஸ்தாவின் காதில் நுழைந்து
பேனா வழியாக வெளியே வந்த விதம் அது.
ஐந்து வருட ஒப்பந்தம், ஓர் எண், ஒரு கம்பளி.
கரும்பாலைக்குத் தண்ணீர் சுமந்தாராம்.
அந்த ஆலையின் பழைய புகைப்படத்தை
அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்கள்:
துரை, துரைசானி, நீராவி இயந்திரம், ஒரு நாய்.
நாயின் பெயர்கூடக் கீழே இருக்கிறது.

அறுபதாம் நாள்
காலிக் கேனின் கழுத்தில் ஒரு காகிதம்.
கையுறையோடு எழுதியது போலக் கோணல் பிரெஞ்சு:
‘இல்லாதவருக்கு.
தயவுசெய்து மிளகாய்.’

தக்காளி, வெங்காயம், இஞ்சி,
பச்சை மிளகாய் ஏழு,
உரலில் இடித்த ருகாய்
ஒரு ஜாம் பாட்டில் நிறைய.
எரிக்கிடம் சொல்லவில்லை.
இரண்டு நாள் கழித்துத் தொட்டியை நிரப்பும்போது
சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தும்மல்,
அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொன்று.
வேற்றுக் கிரகத்திலிருந்து
எனக்கு வந்த முதல் சமிக்ஞை.

நிஜமாகவே போகும் நாள் வரும்.
கொடி நடுவார்கள்.
யாரும் கேட்காத மலைகளுக்குப் பெயர் வைப்பார்கள்.
அங்கே ஒரு நாள்
நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளமாம்.
அந்த நாற்பது நிமிடத்திலும் தாகம் எடுக்கும்,
தொட்டி காலியாகும்,
யாரோ ஒருவர் எழுந்து
குளிரில் கயிறு கட்ட வேண்டியிருக்கும்.

அந்த வேலைக்கு விளம்பரம் வந்தால்
விண்ணப்பம் போடுவேன்.
கனரக உரிமம் இருக்கிறது.
எரிமலைப் பாதையில் பதினோரு வருடம்,
ஒரு டயர்கூட வெடித்ததில்லை.
திரும்பிவரும் டிக்கெட் பற்றி
பிறகு பேசிக்கொள்ளலாம்.

விளக்குமாறு மட்டும்
கொண்டுவர மாட்டேன்.