எண்பதாம் துறை

இரவு இரண்டு நாற்பது. ஸோஹார்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில்
மூன்றாம் வரிசைக் குளோரின் வால்வு
எவ்வளவு திறந்திருக்கிறாய் என்று கேட்டால்
இருநூற்று ஐம்பத்தைந்து என்கிறது.
நூறுக்கு மேல் அதற்கு எண்ணே கிடையாது.

நாஸர் அல் மாமரி போனில் கேட்கிறார்,
"கிளீட்டஸ், வால்வு பொய் சொல்லுமா?"
பொய்யில்லை.
அது வாயைத் திறப்பதற்குள்
நாம் காதை எடுத்துவிடுகிறோம்.
யாரும் பேசாத கம்பியில்
எல்லா பிட்டும் ஒன்றாகவே நிற்கும்,
கூட்டினால் அந்த எண்தான்.

அட்டை பழையது. பச்சை, கையகலம்,
மூலையில் யாரோ பென்சிலால் போட்ட அரபு ஏழு.
ஒரு கட்டளையை வாங்கிக்கொண்டால்
அடுத்ததற்குமுன் ஒரு மைக்ரோ நொடி கேட்கும்.
நொடியைப் பத்து லட்சமாக நறுக்கி, அதில் ஒரு துண்டு.
போன மாதம் வந்த பெட்டியோ
அந்தத் துண்டுக்குள் மூவாயிரம் வேலை முடிக்கிறது.
அது சுங்கத்திலிருந்து வெளியே வரப்
பதினொரு மாதம் நாங்கள் ஆக்கப் பொறுத்தோம்.
ஆறப் பொறுக்க அதற்குத் தெரியவில்லை.

கெர்னலிடம் 'கொஞ்சம் இரு' என்று சொல்வது
சுலபம் என்று நினைக்கிறீர்கள்.
சும்மா ஆயிரம்வரை எண்ணு என்றால்
பழைய பெட்டி வியர்த்து வியர்த்து எண்ணும்.
புதியது எண்ணி முடித்துவிட்டு
நம் முகத்தைப் பார்க்கும்.
நடுவில் கம்பைலர் வேறு,
எண்ணி என்ன ஆகப்போகிறது என்று
அந்த வரியையே துடைத்துவிடும்.

அதனால்தான் யாரோ ஒருவர்
நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில்
ஒரு வழி கண்டிருந்தார்.
பதினாறின் கணக்கில் எண்பதாம் போர்ட்.
நான் துறை என்றே நினைத்துக்கொள்வேன்,
தூத்துக்குடிக்காரன் வேறெப்படி நினைப்பது?
அந்தத் துறையில் ஆளில்லை, விளக்கில்லை,
சரக்கு இறக்க ஒருவரும் நிற்கவில்லை.
அங்கே ஒரு வெறுந்தோணியை அனுப்பு.
அனுப்புகிறவன் எவ்வளவு அவசரக்காரனானாலும்
பழைய கால்வாயில் தோணி
கால்வாயின் வேகத்தில்தான் போகும்.
நமக்கு வேண்டியது தோணியல்ல,
அது போன நேரம்.

சில மடிக்கணினிகளில்
அந்தத் துறையில் யாரோ குடியேறிவிட்டதாகவும்
தோணி முட்டி மொத்த வீடும் உறைந்ததாகவும் கேள்வி.
அது வேறு வழக்கு.

இரண்டு வாரம் முன்பு
அந்த வரியை நீக்கியது நான்தான்.
'எங்கும் போகாத எழுத்து. வீண்'
என்று குறிப்பும் எழுதினேன்.
மஸ்கட் அலுவலகம் கட்டைவிரல் படம் அனுப்பியது.
என் மேசையில் அட்டை இல்லை,
அதைப்போல நடிக்கும் மென்பொருள்தான்.
எத்தனை வேகமாகக் கேட்டாலும்
உடனே பதில் சொல்லும் சமர்த்து.

வரியைத் திரும்ப வைத்தேன்.
கெர்னல் கட்டி முடிய இருபத்தாறு நிமிடம்.
அதுவரை குழாய்மேடையில் துர் முகம்மது
வால்வைக் கையால் திருகிக்கொண்டிருந்தார்.
வாக்கியில் நான் ஒரு எண் சொல்வேன்.
இரைச்சல். இரும்பு முனகும் ஓசை.
பிறகு "தமாம்."
அதன்பிறகுதான் அடுத்த எண்.

மூன்றாம் வரிசை, அறுபத்திரண்டு என்றது திரை.
நாஸர் ஃபிளாஸ்கைத் திறந்து கரக் ஊற்றினார்.
"எதைச் சேர்த்தாய்?"
ஆளில்லாத இடத்துக்கு ஒரு எழுத்து என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை;
'மனிதத் தவறு' என்பதில் டிக் போட்டு
என் பெயரை எழுதினேன்.

மணி நான்கேகால். டம்ளரில் ஏடு கட்டியிருந்தது.
மேசை ஓரத்தில் வாக்கி கரகரத்தது.
துர் முகம்மதிடம் போதும் என்று
நான் சொல்லவே இல்லை.
மேடையிலிருந்து, பொறுமையாக,
"அடுத்த எண்?"