ஆறெழுத்து ஊர்

ரயில் மேலிருந்து கீழ்.
றோட்டு இடமிருந்து வலம்.
நடுவில் ஒரு மூங்கில் தடி, தடியின் நுனியில் கட்டிய கல்,
பச்சைக் கொடி, சிவப்புக் கொடி,
நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு நான்.

ஞாயிறு பேப்பர் மாங்குளத்திலிருந்து
திங்கள் மத்தியானம்தான் வந்து சேரும்,
பாண்காரனின் ஓட்டோவில், சீனிச்சம்பல் வாசத்தோடு.
பதினோராம் பக்கம். தயாரிப்பவர் பெயர் ‘தட்டான்’.
ஆணோ பெண்ணோ அறியேன்.
ஒரு வசனமும் நேராகப் பேசத் தெரியாத ஆள்,
அவ்வளவுதான் தெரியும்.

“தண்டனை முடியாமல் வாளுக்கு அழகு;
இரண்டாய்க் கிடக்கும் (6).”
மூன்று நாள் மினக்கெட்டேன்.
கோட்டை, அகழி, சிரச்சேதம் என்று
எங்கெங்கோ போய் வந்தேன்.
புதன்கிழமை யாழ்தேவிக்குத் தடியை இறக்கும்போது
செருப்பில் தட்டுப்பட்டது விடை.
தண்டனையின் கடைசி எழுத்து போனால் தண்ட.
வாளோடு ஓர் அம்; பழந்தமிழில் அழகு.
ஒருகாலம் இதைக் கழற்றிக்கொண்டுபோய்
பங்கருக்கு முகடு போட்டார்கள்.
தட்டானின் துப்பில் அது இல்லை.

தடி இறங்கினால் எல்லாரும் என்னிடம் அகப்பட்டவர்கள்.
நிஸ்தார், மோட்டார்சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு,
முல்லைத்தீவுப் பாரை சொட்டுச்சொட்டாய்க் கரைகிறது.
“வாது திரும்பி நின்று கையேந்தும். இரண்டெழுத்து” என்றேன்.
“துவா” என்றார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.
எப்படி என்று அவருக்குத் தெரியாது.
எப்படி என்று எனக்குத் தெரியும், துவாதான் தெரியாது.
வாதைப் பின்னாலிருந்து வாசித்துக் காட்டினேன்.
“சண்டை பிடிச்சுப்போட்டுத் திரும்பினா
வேற என்ன செய்யிற” என்றார்.

மருத்துவிச்சி லோஜினிக்கு இதெல்லாம் பிடிக்காது.
“நேரே கேட்டால் என்ன குறைஞ்சுபோகும்?”
“எங்கட வைரவருக்குள் ஒளித்திருக்கும் வழி. மூன்று.”
அவள் திரும்பி வேம்படிச் சூலத்தைப் பார்த்தாள்.
சாமியைப் பார்க்காதை, எழுத்தைப் பார் என்றேன்.
முன்னால் ஒரு எங், பின்னால் ஒரு ரவர்,
தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைச் சொல்.
ரயில் வந்துவிட்டது.
இரைச்சலுக்குள் அவள் வாய்
மூன்று தரம் அசைந்தது.

தண்டவாளத்தின் ட-வும் கடவையின் ட-வும்
ஒரே கட்டம்.
அன்று பின்னேரம் அந்தக் கட்டத்தைக்
கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஞ்சியது ஒன்று.
“அம்பு முனை மழுங்கி ஆசையில் விழுந்த ஊர் (6).”
கதிர்காமம் என்று எழுதிவிட்டேன், அதுவும் பேனையால்.
ஆசை காமம், சரி. எழுத்தும் ஆறு.
ஆனால் கதிரை எந்தக் கணக்கில் அம்பாக்குவது?
முருகன் கையில் வேல், வேலும் கூர்தானே,
வள்ளிக்காக வந்தவன்தானே என்றெல்லாம்
சமாளித்துப் பார்த்தேன்.
துப்பு சமாளிப்புக்கு மசியாது,
ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கேட்கும்.
“விடை பொருந்தினால் காணும்தானே” என்றாள் லோஜினி.
காணாது.

சனிக்கிழமை, ஐந்தேகால். எண்ணெய் ரயில் போனது.
தடியை உயர்த்தினேன்.
நெல்மூட்டையோடு ஓர் உழவு இயந்திரம் கடந்தது.
பெட்டியின் பின்பலகையில் மஞ்சள் பெயின்ற்:
கமக்கார அமைப்பு, அம்பகாமம்.
இரண்டு வருசமாகக் கிழமைக்கு இரண்டு தரம்
நானே கொடி காட்டி அனுப்பிய பலகை.
பு-வின் வாலைச் சீவினால் ப.
அவ்வளவுதான் மழுங்கல்.

நான் சிரித்த சிரிப்பில்
மூட்டை விழுந்துவிட்டதோ என்று சாரதி திரும்பிப் பார்த்தான்.

பேனை எழுத்து அழியாது.
கதிரின் மேலேயே அம்ப என்று
அழுத்தி எழுதினேன்.
பின் மூன்றெழுத்தில்
கை வைக்க வேண்டியிருக்கவில்லை.